கலங்கல் ஓடையில் முப்பதடி ரோடு

மேல்கரைப்பாக்கம்,
திருக்கழுக்குன்றம் தபால்,
12-5-1954

சிரஞ்சீவி தம்பி அப்பாசாமிக்கு அக்காள் சாரதாம்பாள் ஆசீர்வதித்து எழுதுவது.

தண்ணீர் போகிற வழியில் மனிதர் குடியிருக்க மனை அளந்திருக்கிறாய். இது தவறு. அளந்தது சர்வேயர் வரதன், கல் நட்டது கூலியாட்கள், யோசனை சொன்னது கூட்டாளி பாஷ்யம் என்று பிரித்துப் பிரித்துச் சொல்லாதே. அந்த இடம் எதுவென்று அவர்கள் மூவருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால் தவறு உன்னுடையது.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். என் புருஷன் போன பிறகு பங்காளிகள் ஒரு பத்திரத்தைக் காட்டி மிரட்டினார்கள். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். அதனால் நான்கு எல்லையைச் சொல்லித்தான் எனக்குப் பேச வரும். நீ வாங்கியிருக்கும் நிலத்துக்கு மேற்கே ஏரிக்கரை. கிழக்கே செங்கல்பட்டு ரோடு. வடக்கே என் தென்னந்தோப்பு. தெற்கே அருணகிரியின் புஞ்சை. இந்த நான்கும் உன் பத்திரத்தில் இருக்கும். நடுவில் கலங்கல் ஓடை இருக்கிறதே, அதை என்ன செய்யப் போகிறாய்?

வரதன் வந்து சங்கிலி பிடித்த அன்று நான் தோப்பில் இருந்தேன். ஓடையின் இரண்டு பக்கமும் கல் நட்டுக்கொண்டே போனான். இங்கே என்ன வருகிறது என்று கேட்டேன். முப்பதடி ரோடு என்றான். இது ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து வெளியே போகிற ஓடை, இதில் ரோடு போடக்கூடாது என்று சொன்னேன்.

“ஏம்மா, வண்டித்தடம் இவ்ளோ அகலமா கீதே, இது ரோடு இல்லாம இன்னா?” என்றான்.

“தண்ணி இல்ல, அதான் வண்டி போவுது. தண்ணி வந்தா வண்டியா போவும்?”

“தண்ணி எங்கம்மா கீது?” என்று கையை நீட்டி ஏரியைக் காட்டினான். உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கூலியாட்களும் சிரித்தார்கள். அவனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் வரைந்திருக்கிறான். ஏழு வருஷமாக ஏரி நிரம்பவில்லை. ஓடை மணலாய்க் கிடக்கிறது, எல்லா வண்டியும் அதில்தான் போகிறது. அவன் வரைந்ததை நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாய். எனக்கு அதுதான் ஆறவில்லை.

ஓடையிலும் ஓடையின் இருபுறமும் நட்ட கல்லைப் பிடுங்கச் சொல்லு. மற்ற நிலத்தில் எத்தனை மனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

பஸ்ஸில் ஒரு கூடை மாங்காய் அனுப்பியிருக்கிறேன். நிலத்தைப் பார்க்க மூன்று முறை வந்தாயாம். என் வாசலுக்கு ஒரு முறை வரவில்லை. அதையும் தவறில் சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
சாரதாம்பாள்


சைதாப்பேட்டை,
21-5-1954

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி அப்பாசாமி வணக்கத்துடன் எழுதுவது.

மாங்காய் வந்தது. ஊறுகாய் போட்டாயிற்று. உன் கடிதத்தைவிட அது காரம் குறைவு என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

அக்கா, நீ நினைப்பதுபோல் நாளைக்கே அங்கே வீடுகள் எழுந்துவிடப் போவதில்லை. மனைப்பிரிவு போடுவது என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். வில்லங்கம் உண்டா என்று ரிஜிஸ்தர் ஆபீசில் தேட வேண்டும். பிறகு அளந்து, உத்தேசமாக ஒரு படம் போட வேண்டும். எந்தப் பக்கம் ரோடு, எங்கே பொதுக்கிணறு, குழந்தைகள் விளையாட எவ்வளவு இடம், எல்லாம் அதில் காட்ட வேண்டும். அதைப் பஞ்சாயத்தில் வைத்து, அக்கம்பக்கத்தாருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டு, அப்புறம்தான் மதராஸ் ஆபீசுக்கு அனுப்புவது. நாங்கள் இன்னும் படம் போடுகிற கட்டத்தில்தான் இருக்கிறோம். படத்தை அழித்து எழுதலாம். நீ அதற்குள் கல்லைப் பிடுங்கு என்கிறாய்.

எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்த ஓடையில் மீன் பிடித்தவன்தான். ஆனால் அது அந்தக் காலத்து மழை. ஏழு வருஷம் காய்ந்த ஏரி இனி நிரம்பும் என்று யார் சொல்ல முடியும்? நிரம்பினாலும், நிலத்தின் ஓரமாக ஒரு சின்னக் கால்வாய் வெட்டித் திருப்பிவிடலாம் என்கிறார் பாஷ்யம்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்காதே. வண்டிகள் ஓடைக்குள் இறங்கியது எதனால்? கரையோரப் பாதை ஒன்று இருந்ததே, கலங்கலிலிருந்து உன் தோப்பு ஓரமாக ரோட்டு முனைவரைக்கும். அருணகிரியோடு சண்டை போட்டு அதில் முள்வேலி வைத்து அடைத்தது யார்? வழியில்லாமல்தான் வண்டிகள் ஓடையில் போயின. தடம் விழுந்தது. வரதன் அதை ரோடு என்று எழுதினான். யோசித்துப் பார்.

நல்ல சேதி இரண்டு. ரோட்டு முனையில், முதல் மனையில், முதலில் ஒரு வீடு கட்டிவிடப் போகிறோம். வெறும் கல்லைக் காட்டினால் மதராஸ்காரன் வாங்கமாட்டான். ஒரு வீடு, வாசலில் கோலம், உள்ளே விளக்கு, இதைப் பார்த்தால் வாங்குவான். அந்த வீட்டில் நம் பெண் வேண்டாதான் குடியிருக்கப் போகிறாள். மாப்பிள்ளை சின்னையனுக்குச் செங்கல்பட்டு ஆபீசுக்கு மாற்றலாகிவிட்டது. அவளுக்கு இது மூன்றாவது மாதம். உனக்குத்தான் முதலில் சொல்லச் சொன்னாள்.

இரண்டாவது, இடத்துக்குச் ‘சாரதா நகர்’ என்று பெயர் வைக்கலாம் என்று பாஷ்யத்திடம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,
அப்பாசாமி


மேல்கரைப்பாக்கம்,
4-7-1954

சிரஞ்சீவி அப்பாசாமிக்கு ஆசீர்வாதம்.

என் பெயரை எடுத்துவிடு. தண்ணீர் வந்து அடித்துக்கொண்டு போகும் பலகையில் என் பெயர் இருக்க வேண்டாம்.

வேலி போட்டது நான்தான். எடுக்க மாட்டேன். அருணகிரியின் வண்டி ஏறி என் வாய்க்கால் மடை இடிந்தது. கேட்டதற்கு, மடை கட்டியவன் சரியாகக் கட்டவில்லை என்றான். நான்கு பேர் முன்னால் வந்து தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றே எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து வருஷமாகிறது. அவனும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை. வேலிக்கும் உன் படத்துக்கும் முடிச்சுப் போடாதே. கண்ணைத் திறந்துகொண்டு தப்பு வழியில் போனவன், வேறு வழியை அடைத்தவளைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கிறது.

பஞ்சாயத்துச் சாவடியில் உன் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாம் என்று கீழே எழுதியிருந்தது. நான் போனேன். என்னைத் தவிர ஆட்சேபிக்க யாரும் வரவில்லை. ஏன் வருவார்கள்? கிணறு வரும், ரோடு வரும், கறிகாய் வாங்க ஜனம் வரும் என்று உன் ஆள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.

நான் எழுந்து கலங்கலைப் பற்றிச் சொன்னேன். தலைவர் கேட்டுக்கொண்டார். எழுதிக்கொள்ளவில்லை. அருணகிரி தூணில் சாய்ந்துகொண்டு, “ஏரி ரொம்பட்டும்கா, அப்பால பாத்துக்கலாம். ரொம்பினா நாங்க இன்னா ஒரு சொட்டு வெளிய வுடுவமா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பி, அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அவன் என்ன சொன்னான் என்று உனக்குப் புரிகிறதா? கலங்கலில் வரிசையாகக் குத்துக்கல் நிற்கிறதே, மழை முடிகிற சமயம் பார்த்து அந்தக் கல் இடைவெளிகளில் புல்லோடு வெட்டிய மண்கட்டியான புல்பத்தையும் களிமண்ணும் வைத்து அடைப்பார்கள். ஒரு முழம் தண்ணீர் கூடுதலாக நிற்கும், கோடைப் பயிருக்கு ஆகும். மழை முடிகிற சமயத்தில்தான் அடைப்பார்கள், முன்னால் அடைக்கமாட்டார்கள். ஏழு வருஷம் காய்ந்தவன் அதுவரை பொறுப்பானா? முதல் தண்ணீரிலேயே அடைப்பான். பிறகு ஏரி கரைக்குமேல் ஏறும். கரை உடைந்தால் ஊர் போகும் என்று பயந்து அடைப்பை ஒரே மூச்சில் வெட்டிவிடுவான். அப்போது வருவது தண்ணீர் இல்லை, சுவர். அது வந்து முதலில் இடிக்கும் இடத்தில்தான் நீ வேண்டாவுக்கு வீடு கட்டுகிறாய்.

அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தாய். நாலாவது பெண் என்று. ஐந்து வயதுவரைக்கும் அவளை என்னிடம் விட்டுவைத்தாய். இப்போது குடிவைக்கவும் யாருக்கும் வேண்டாத இடம்தான் கிடைத்ததா?

வீட்டை வேறு மனைக்கு மாற்று. என் தோப்பை ஒட்டின மேடு இருக்கிறது. கேட்டால் என் தோப்பிலேயே தருகிறேன். அவளுக்கு முருங்கைக்கீரை நிறையச் சாப்பிடச் சொல்லு.

சாரதாம்பாள்


சைதாப்பேட்டை,
18-8-1954

அன்புள்ள அக்காளுக்கு வணக்கம்.

உன் கடிதம் வந்து நாளாயிற்று. உடனே பதில் எழுதக் கை வரவில்லை. நீ எழுதினால் ராத்திரி எனக்குத் தூக்கம் கெடுகிறது.

மதராஸ் ஆபீசிலிருந்து படம் திரும்பி வந்திருக்கிறது. நிலத்தின் மேடுபள்ளம் அளந்து காட்டவில்லையாம். கிராமப் படத்தில் அந்த இடத்தில் ஓடை என்று இருக்கிறதே, நீங்கள் ரோடு என்று காட்டுகிறீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். ஆக, உன் பக்கம் பேச அங்கேயும் ஓர் ஆள் இருக்கிறார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பாஷ்யம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோட்டோடு ஓரக் கால்வாய் ஒன்றும் காட்டி மறுபடி அனுப்பலாம் என்கிறார். மேடுபள்ளம் அளக்க வரதன் இந்த மாதமே வருவான். காய்ந்திருக்கும்போது அளப்பது சுலபமாம். மழைக்காலத்தில் வந்து பார்த்தால் என்ன என்று நான் கேட்டேன். மழைக்காலத்தில் யாராவது நிலம் அளப்பார்களா என்று கேட்டுவிட்டு அவர் வரதனுக்கு நாள் குறித்து எழுதிவிட்டார்.

வீடு முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பஞ்சாயத்து அனுமதி தனி. மனைகளுக்குத்தான் மதராஸ் அனுமதி வேண்டும். ஆவணி முகூர்த்தத்தில் வேண்டா குடி போகிறாள். வீட்டை மாற்றச் சொல்கிறாய். கட்டின வீட்டை எங்கே மாற்றுவது? அடித்தளம் மூன்றடி உயரம் போட்டிருக்கிறேன். பாஷ்யம் ஒன்றரை அடி போதும் என்றார். நான்தான் மூன்று என்றேன். ஏன் என்று அவருக்குச் சொல்லவில்லை. உனக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு நீ வரவேண்டும். அத்தை வராமல் பால் காய்ச்சமாட்டேன் என்கிறாள்.

தம்பி,
அப்பாசாமி


மேல்கரைப்பாக்கம்,
20-10-1954

சிரஞ்சீவி அப்பாசாமிக்கு.

கிரகப்பிரவேசத்துக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருக்கிறாயாம். அந்த வீட்டு வாசலில் நின்று நான் நன்றாயிருங்கள் என்று சொல்ல முடியாது. சொன்னால் பொய். சொல்லாவிட்டால் அபசகுனம். அதனால் வரவில்லை.

ஆனால் அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முருங்கைக்கீரை, தேங்காய், பால். வாசலோடு வந்துவிடுவேன். வேண்டா வயிற்றைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருவாள். எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதராசிலிருந்து பஸ்ஸில் ஜனம் வந்து இறங்குகிறது. பாஷ்யம் குடை பிடித்துக்கொண்டு ஓடையில் நடத்திக் காட்டுகிறார். இதுதான் மெயின் ரோடு, இருபுறமும் புங்கமரம் வைக்கப் போகிறோம் என்கிறார். ஜனம் வேண்டாவின் வீட்டையும் கோலத்தையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கிறது. மாப்பிள்ளைக்கு அதில் பெருமை. நகரிலேயே முதல் வீடு என்று சொல்லிக்கொள்கிறார்.

புரட்டாசி பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நின்று பெய்கிறது. நேற்று ஏரிக்குப் போனேன். ஆடு மேய்ந்த இடமெல்லாம் தண்ணீர். ஏழு வருஷத்துக்கப்புறம் பார்க்கிறேன், சந்தோஷப்பட வேண்டும். நான் நேராகக் கலங்கலைப் பார்க்க நடந்தேன். கலங்கலில் அருணகிரியும் இன்னும் சிலரும் இறங்கி நின்று புல்பத்தை வெட்டி வெட்டி அடைத்துக்கொண்டிருந்தார்கள். கலங்கல் மட்டத்துக்கு இன்னும் தண்ணீரே வரவில்லை. அதற்குள் அடைப்பு.

இப்போது அடைக்காதே, கார்த்திகை முழுக்க மழை பாக்கியிருக்கிறது என்றேன்.

“அக்கா, ஏழு வருசம் வவுத்துல ஈரத்துணி. இதயும் ஓடயில வுட்டுட்டு உன் தம்பி வூட்டு ரோட்டுக்குத் தண்ணி தெளிக்கச் சொல்றியா?” என்றான்.

பசித்தவன் அப்படித்தான் செய்வான். இதில் பார், ஓடையில் தண்ணீர் வராமல் இருப்பதால் உன் பாஷ்யத்துக்கும் சந்தோஷம். இவ்வளவு மழையிலும் ஓடை காய்ந்துதான் இருக்கிறது பாருங்கள் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஜனத்திடம் காட்டினாராம். இனி அடைப்பு வைத்த ஓடையைக் காட்டி மனை விற்பார்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து ரெபேக்காள் கருவாடு கொண்டுவருவாளே, அவள் இந்த வாரம் வெறுங்கூடையோடு வந்தாள். கட்டுமரம் எதுவும் போகவில்லையாம். “கடலு நெறம் மாறிப்போச்சும்மா. எங்க வூட்டுக்காரு மரத்தையெல்லாம் கோட்டச் செவுரு வரைக்கும் இழுத்துப் போட்டுட்டாரு” என்றாள். போன தலைமுறையில் ஒருமுறைதான் அவ்வளவு மேலே இழுத்தார்களாம். அது எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்த வருஷம் நீ இடுப்புக் குழந்தை. அம்மா அடுப்புப் பானையைத் தூக்கிக்கொண்டாள், நான் உன்னைத் தூக்கிக்கொண்டேன். கரைமேல் ஓடினோம். நீ என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். கீழே ஓடையில் கூரைகள் மிதந்து போயின. உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. அதனால்தான் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

வேண்டாவை என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன். மாப்பிள்ளை உள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்து, முதல் வீட்டுக்காரனே பயந்து ஓடினால் மற்றவன் எப்படி வாங்குவான், மாமாவின் தொழிலைக் கெடுக்கவா அத்தை வருகிறீர்கள் என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். வேண்டா என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அவளுக்குப் பயமாயிருக்கிறது, தம்பி. புருஷன் எதிரில் சொல்ல முடியவில்லை.

நீ வா. வந்து உன் வாயால் சொல்லு.

சாரதாம்பாள்


செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு,
13-11-1954

அக்கா,

பஸ் வருவதற்குள் எழுதுகிறேன். காகிதம் நனைந்திருக்கிறது, மன்னித்துக்கொள்.

இன்று வந்தேன். நீ எழுதியது சரி. ஏரியைப் பார்த்தேன். அடைப்பின் மேல் விளிம்பில் தண்ணீர் நிற்கிறது. ஓடையில் நடந்தேன். மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் கால் வைத்தால் கணுக்கால்வரை இறங்குகிறது. கல்லெல்லாம் சாய்ந்திருக்கிறது. அங்கேயிருந்து உன் வீடு தெரிந்தது. வர முகமில்லை. திரும்பிவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். மாறச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதிக் கொடுங்கள், நாளைக்கு நான் பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுக்க மாட்டேன் என்கிறார். நான்தானே அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தேன். பாஷ்யத்துக்குத் தந்தி கொடுத்தேன், ஞாயிற்றுக்கிழமை ஜனத்தை அழைத்து வர வேண்டாம் என்று. அவர் என்ன செய்வாரோ தெரியவில்லை.

வேண்டாவுக்கு இடுப்பு வலி எடுத்து எடுத்து விடுகிறதாம். நாள் இருக்கிறது என்கிறாள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. வண்டி வைத்து உன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். எப்படி அனுப்புவது? ஓடையில் வண்டி இறங்காது, சக்கரம் புதைந்துவிடும். பெரிய ரோட்டைச் சுற்றித் திருக்கழுக்குன்றம் வழியாக வரலாமென்றால் நடுவில் பாலத்தின்மேல் தண்ணீர் ஓடுகிறது. இருப்பது கரையோரப் பாதை ஒன்றுதான். அதில் உன் வேலி.

இன்னொன்றும் தலையாரி சொன்னான். கலங்கலைத் திறப்பதற்கு முன்னால் தப்படித்துக்கொண்டே கரையோரப் பாதையில் கீழேவரைக்கும் போய்ச் சொல்வது வழக்கம் இல்லையா? இந்த முறை நான் எந்த வழியாகப் போய்ச் சொல்வது, அம்மா வேலி போட்டிருக்கிறார்களே என்று கேட்டான்.

அக்கா, உன்னிடம் நான் எதையும் கேட்க யோக்கியதை இல்லாதவன். கல்லைப் பிடுங்கு என்றாய், பிடுங்கவில்லை. வீட்டை மாற்று என்றாய், மாற்றவில்லை. அருணகிரி தப்பு என்று சொல்லாமல் வேலியை எடுக்கமாட்டாய் என்றும் தெரியும். உன்னை எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேட்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

அப்பாசாமி


மேல்கரைப்பாக்கம்,
16-11-1954

சிரஞ்சீவி தம்பி அப்பாசாமிக்கு அக்காள் எழுதுவது.

இதைத் தபாலில் போடவில்லை. தபால் வண்டி வரவில்லை. ரெபேக்காளின் மகன் ஆபிரகாம் மேற்கே சுற்றி மதராஸ் போகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். ஐந்து வருஷத்து வேலி. முள்ளோடு கொடியும் பின்னிக்கொண்டு மதிலாய் நிற்கிறது. மழையில் கை வழுக்கியது. பாதி வெட்டியிருப்பேன், பின்னால் மாட்டை ஓட்டிக்கொண்டு அருணகிரி நின்றான்.

“இன்னாக்கா, உன் வேலிய நீயே வெட்டிக்கினு கீறே?”

“உனக்காக இல்லடா.”

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே.”

“நீ சொல்லவும் வேணாம். சொன்னாக் கேட்க எனக்கு இப்போ நேரமில்ல.”

அவன் மாட்டை மரத்தில் கட்டிவிட்டு, வெட்டிப்போட்ட முள்ளைக் கவைக்கோலால் குத்தி இழுத்து ஓரத்தில் போட ஆரம்பித்தான். பாதை திறந்தபின் அவனே மாட்டை என் வண்டியில் பூட்டினான். என் மாடு கிழடு, சேற்றில் இழுக்காது என்று அவனுக்குத் தெரியும்.

வண்டி போய் வாசலில் நின்றதும் வேண்டா வெளியே வந்துவிட்டாள். கையில் ஒரு துணிமூட்டை. எப்போதிருந்து கட்டிவைத்திருந்தாளோ. மாப்பிள்ளை வழியை மறித்தார். அவள்தான் பேசினாள். “நான் அத்த வூட்டுக்குப் போறேன். நீங்க பெருமையப் பாத்துக்குங்க, நான் புள்ளயப் பாத்துக்குறேன்” என்றாள். அவ்வளவுதான். ஏறிக்கொண்டாள். அவர் வரவில்லை. வீட்டைக் காவல் காக்கிறாராம்.

இப்போது வேண்டா என் வீட்டில் இருக்கிறாள். வலி விட்டுவிட்டு வருகிறது. மருத்துவச்சி பக்கத்தில் இருக்கிறாள். ஏரியில் கரை மட்டத்துக்கு ஒரு சாண்தான் பாக்கி. காற்று கடல் பக்கத்திலிருந்து வருகிறது. ஊர் கூடி, அடைப்பை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். எப்படி எடுப்பது என்று நான் போய்ச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காதது எனக்கு இன்னும் பயமாயிருக்கிறது.

ஆகவே யார் யார் என்ன செய்யவேண்டும் என்று எழுதுகிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு வாயால் சொல்லிவிட்டேன். நீ தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

அருணகிரியும் அவனோடு அடைத்தவர்களும் அடைப்பை ஒரே மூச்சில் வெட்டக்கூடாது. தெற்கு ஓரத்து இடைவெளி ஒன்றை முதலில் எடுத்து, ஓடை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்த பிறகு அடுத்ததை எடுக்கவேண்டும்.

அவர்கள் முதல் பத்தையில் கைவைக்குமுன் தலையாரி தப்படித்துக்கொண்டு கரையோரப் பாதையில் ரோட்டு முனைவரை போகவேண்டும். பாதியில் நின்றுவிடக்கூடாது. ஓடைக்குள் ஆள் இருக்கிறதா என்று கூப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

மாப்பிள்ளை சின்னையன் தப்புச் சத்தம் கேட்டதும் வீட்டைப் பூட்டிவிட்டு மேட்டுக்கு வந்துவிடவேண்டும். வராவிட்டால் அருணகிரியின் ஆட்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன். பிறகு அவர் என்மேல் வருத்தப்படட்டும்.

வரதன் ஏரி வழியும்போது ஒரு முறை வந்து கரைமேல் நின்று பார்க்கவேண்டும். பார்த்தபின் தன் கையாலேயே படத்தை அழித்து எழுதவேண்டும்.

பாஷ்யம் முன்பணம் வாங்கிய ஒவ்வொருவருக்கும், ஓடை மனை என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். மேட்டு மனை மிச்சமிருந்தால் மாற்றிக் கொடுக்கட்டும். பலகையில் என் பெயர் இருக்கக்கூடாது.

கல்லைப் பிடுங்குவது யார் வேலை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன். தண்ணீர் பிடுங்கியது போக மிச்சத்தை நீ பிடுங்கவேண்டும்.

என் வேலை வேலி. அது முடிந்தது. அருணகிரி தப்பு என்று சொல்லவில்லை. அந்தக் கணக்கு வேறு, அது இருக்கட்டும்.

நீ வரவேண்டும். பிள்ளை பிறக்கும்போது வேண்டாவுக்குத் தகப்பன் முகம் தெரியவேண்டும். ரோட்டு முனையில் இறங்கி அந்த வீட்டுப் பக்கம் திரும்பாதே, ஓடையில் கால் வைக்காதே. என் தோப்பு ஓரமாக, கரையோரப் பாதையில் வா. அங்கே இப்போது வேலி இல்லை.

இப்படிக்கு,
சாரதாம்பாள்